நாலு தூக்கில் எலுமிச்சை சாதம்

ஆடி 18 அன்று எங்கள் தெருவிலிருந்து ஏழு வீடு, முப்பது பேர், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவோம். யார் என்ன சாதம் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. யாரும் என் தலையில் கட்டவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

முதல் வருஷம் மரியாதையாக, "நீங்க என்ன கொண்டு வர்றீங்க?" என்று கேட்டுவைத்தேன். கரையில் தூக்குகளைத் திறந்தால் நாலில் எலுமிச்சை சாதம்! குறை சொல்ல முடியாது. மாவிளக்குக்கு இடித்து, பிள்ளைகளைக் கிளப்புகிற அவசரத்தில் கை அங்கேதான் போகும்.

அதிலிருந்து கேட்பதில்லை, நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரல் வரும், சோறு வராது. வேலைக்குப் போகிற அக்காவுக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலை முதல் நாள் ராத்திரியே நல்லெண்ணெய் மிதக்கக் கிளறி வைத்துவிட்டால் காலையில் சாதத்தோடு கலப்பதுதான் பாக்கி. தேங்காய் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், அது கடைசியாகக் கிளம்புகிற வீட்டுக்கு. வெண்கலப் பானை வைத்திருப்பவருக்குச் சர்க்கரைப் பொங்கல். புதிதாகக் குடிவந்த பெண்ணுக்கு எலுமிச்சை.

தயிர் சாதத்தை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சின பாலைத் தாராளமாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு கரண்டி தயிர். அவ்வளவுதான். கிளம்பும்போது தூக்கில் தளதளவென்று ஆடும். "தண்ணியா இருக்கே" என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கவலைப்படுவார். மத்தியானம் திறந்தால் உறைந்து, துளி புளிப்பில்லாமல் இருக்கும்.

அளவுதான் பெரிய பாடு. ஒவ்வொரு வீடும் முப்பது பேருக்கும் சேர்த்தே வடித்துவிடும், பாதி திரும்பி வரும். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் மொத்தம் 3 கிலோ. ஐந்து சாதத்துக்குப் பிரித்தால் வீட்டுக்கு 600 கிராம். பொங்கல் இன்னும் குறைவு, அதை யாரும் ஒரு கரண்டிக்கு மேல் தொடுவதில்லை. ஆனால் 600 கிராம் என்றால் முகம் சுருங்கும், கஞ்சத்தனமாகத் தெரியுமாம். இப்போது "மூணு டம்ளர் போடுங்க" என்கிறேன். அதே அரிசிதான், ஒருவரும் மறுப்பதில்லை.

மாடியறைப் பையன்கள் வீட்டுக்கு வாழை இலை, தண்ணீர் கேன், குப்பைப் பை. அவர்களிடம் கரண்டியை ஒப்படைத்து ஒரு வருஷம் பட்டாயிற்று. ஐந்து சாதத்துக்கும் ஒரே கரண்டி.

கடைசி வீட்டுப் பாட்டி தனிக்கட்டை. "நீங்க சும்மா வாங்க பாட்டி, போதும்" என்றேன் முதல் தடவை. கால் வலி என்று சொல்லி வரவேயில்லை. அடுத்த வருஷம் மோர் மிளகாய் கேட்டேன். போன சித்திரையில், ஆடிக்கு மூணு மாசம் இருக்கும்போதே, மிளகாய் காய்கிற முறத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

"இந்த வருஷம் எத்தனை பேருடி?"