லாபத்தைக் கடைசியில் படிப்போம்

வங்கியொன்றின் காலாண்டு முடிவு நாளிதழில் வரும்போது தலைப்பில் நிற்பது நிகர லாபம் மட்டுமே. அதைப் படித்ததும் முழுவதும் படித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஈற்றடியை மட்டும் வாசித்துச் செய்யுளுக்குப் பொருள் சொல்வதற்கு ஒப்பானது இது.

தென்காசி வட்டாரத்தாருக்கு இது அயல் விவகாரமன்று. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தோன்றி, 1962இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி நம் பக்கத்து வணிகர்களுக்கு நெடுநாள் பழக்கம். 2022 செப்டம்பரில், பங்கொன்று 510 ரூபாய் என்ற விலையில், அது பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தது. அதுமுதல் அதன் காலாண்டு அறிக்கையைப் படிக்க நமக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு.

முதலில், எதனோடு எதை ஒப்பிடுவது? ஆடி மாதக் குற்றால அருவியைச் சித்திரை மாத அருவியோடு ஒப்பிட்டு, நீர் பெருகிவிட்டது என்று எவரும் வியப்பதில்லை. சென்ற ஆண்டு ஆடியோடுதான் ஒப்பிடுவார்கள். வங்கிக்கும் பருவம் உண்டு. ஆண்டு முடியும் மார்ச் மாதத்தில் கடன் வழங்கலும் வசூலும் முடுக்கிவிடப்படும். ஆகவே ஏப்ரல்–ஜூன் கணக்கைச் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு வைத்துப் பார்ப்பதே முறை.

அடுத்தது நிகர வட்டி வருமானம்: கடனுக்கு வாங்கிய வட்டியிலிருந்து வைப்புகளுக்குக் கொடுத்த வட்டியைக் கழித்தது. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை மூன்று தவணைகளில் ஒரு சதவீதப் புள்ளி குறைத்தது. ரெப்போவோடு பிணைந்த கடன்களின் வட்டி விரைவில் இறங்கிவிடும். நிரந்தர வைப்புகளோ முதிர்வுவரை பழைய வட்டியிலேயே நிற்கும். இடைவெளி சுருங்கியும் லாபம் கூடியிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். கடன் பத்திரங்களை விற்ற ஆதாயமா, வாராக்கடனுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்ததா? இரண்டும் ஒவ்வொரு காலாண்டும் கிடைப்பவை அல்ல.

வாராக்கடன் விகிதத்திலும் நுட்பம் உண்டு. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் அது பொதுவாக வாராக்கடன். பழைய கடனைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டாலும் விகிதம் குறையும். புதிதாக நிறையக் கடன் கொடுத்தாலும் குறையும். அந்தக் காலாண்டில் புதிதாக வாராக்கடனானது எவ்வளவு என்ற வரிதான் வங்கியின் உடல்நிலையைச் சொல்வது.

இவையெல்லாம் பங்குத் தரகர்களின் கவலை என்று ஒதுக்க முடியவில்லை. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2017–18 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து நட்டம் காட்டியது. 2020 மார்ச்சில் அதன் கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாராக்கடன். அவ்வாண்டு நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் பணம் எடுக்கத் தடை வந்தது. பத்து நாள்களில் அது டிபிஎஸ் இந்தியா வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் பிழைத்தது. பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் அழிந்தது.

அந்தச் சரிவு காலாண்டுதோறும் அச்சில் வந்துகொண்டுதான் இருந்தது. பழைய நூலுக்கு உரை தேடும் பொறுமையில் ஒரு பங்கை, நம் சேமிப்பைப் பற்றிய அந்த இரண்டு மூன்று பக்கங்களுக்கும் நாம் கொடுக்கலாம். ஆங்கிலத்திலேயே பெரும்பாலும் வரும் அவற்றைத் தமிழில் விளக்கி எழுதுவதும் நமக்குள்ள வேலைதான்.