போயிட்டு வந்தவங்க

பெரியம்மா மக, எனக்கு அக்கா. பாளையங்கோட்டையில நர்ஸ் படிச்சவ. ஒரு தொண்டு அமைப்பு மூலமா தெற்கு சூடானுக்குப் போய் ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு 2019-ல ஊருக்குத் திரும்பினா. சம்பளம்னு சொல்ல முடியாது, கைச்செலவுக்குப் படிதான்.

வீட்டுக்கு வந்தவங்க கேட்டது ரெண்டே கேள்வி. "எவ்வளவுட்டி சேத்து வச்சிருக்க?", "இனியாவது கல்யாணம் பண்ணுவியாட்டி?" துபாய்ல இருந்து வந்த மாமாகிட்ட கூட செண்ட் பாட்டிலை வாங்கிட்டு நாலு வார்த்தை சேத்துப் பேசினாங்க :-)

அங்க என்ன பாத்தேன்னு யாருமே கேக்கல. நானும்தான் கேக்கல.

ராத்திரி தூக்கம் கிடையாது அவளுக்கு. மொட்டைமாடியில நடந்துகிட்டே இருப்பா. வந்து ஒரு மாசத்துல காய்ச்சல் வேற. டாக்டர் வைரல்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. மூணாம் நாள் அவளுக்கே சந்தேகம் வந்து லேப்ல போய் ரத்தம் குடுத்தா. மலேரியா! ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களுக்கு எப்ப காய்ச்சல் வந்தாலும், மாசக்கணக்கு ஆகியிருந்தாலும், எந்த நாட்டுல இருந்தோம்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்ங்க. விளையாட்டு இல்ல.

பட்டாளத்துல இருந்து வந்தா மாவட்டத்துக்கு ஒரு முன்னாள் படைவீரர் அலுவலகம் இருக்கு. அமெரிக்காவுல பீஸ் கோர்ல போயிட்டு வந்தவங்க 1979-லயே சங்கம் வச்சிட்டாங்க. (1961-ல இருந்து 1976 வரைக்கும் நம்ம நாட்டுக்கே நாலாயிரத்துக்கு மேல வந்துட்டுப் போனாங்க.) அவங்களுக்கு ஊர் திரும்பும்போது நிலைப்பட ஒரு தொகையும் குடுக்காங்க. ஜப்பான்ல திரும்பி வந்தவங்களே சேந்து 1983-ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அக்காவுக்கு இங்க யாரு?

தெருக்கோடி வாத்தியார்தான். ஹைலி செலாசி காலத்துல எத்தியோப்பியாவுல கணக்கு சொல்லிக் குடுத்தவரு. தொண்டுன்னு போகல, சம்பளத்துக்குத்தான் போனாரு. ஆனா ஒருநாள் அக்காவைப் பாத்து, "அங்க என்னம்மா சாப்பிட்ட?"ன்னு கேட்டாரு பாருங்க. அவ சோளமாவைப் புளிக்க வச்சு ஊத்துற கிஸ்ராவைச் சொல்ல, அவரு இன்ஜெராவைச் சொல்ல, ரெண்டும் நம்ம தோசைக்குப் பங்காளிதானேன்னு பேச்சு நீண்டுச்சு. அன்னைக்குத்தான் செத்துப்போன பிள்ளைங்களைப் பத்தி அவ வாயைத் திறந்தா. காப்பி கொண்டு போன நான் வாசல்லயே நின்னுட்டேன். ஆறிப்போச்சு.

அதுக்கப்புறம் மனநல டாக்டரையும் பாத்தா. இப்பல்லாம் 14416-க்கு அடிச்சா தமிழ்லயே பேசலாம். 2022-ல வந்த டெலி மானஸ், காசு கிடையாது. அப்ப அது இல்ல.

2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சுல்லா, அப்ப தெருவுல தண்ணிக்குக் குளோரின் எவ்வளவு போடணும்னு சொன்னது அவதான். "எங்கட்டி படிச்ச இதை?"ன்னு பெரியம்மா கேட்டா. நாலு வருஷம் கழிச்சு!

இப்பவும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்காவும் வாத்தியாரும் குறுக்குத்துறை படித்துறையில உக்காந்திருப்பாங்க. உங்க வீட்டுப் பக்கம் இப்படிப் போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா அனுப்பி வைங்க. வாத்தியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாப் பேசச் சொல்லுங்க.