இனிக்கும் தண்ணீரின் கறை

பென்னாகரம் பக்கம் என் அத்தை ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு. பொதுக்கிணற்றுத் தண்ணீர் சப்பென்றிருக்கும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. போர்த் தண்ணீர் இனிக்கும். ஊரே குடித்துவந்தது போர்த் தண்ணீரைத்தான். அங்கே வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் காவிக் கோடுகள், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாதவை. "தண்ணி நல்லாத்தானேடா இருக்கு, பல்லு மட்டும் ஏன் இப்படி?" என்று அத்தை கேட்டார்.

ஃபுளோரைடு என்ற பதில் பழையது. கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் சென்னை மாகாணத்து ஃபுளோரைடு நோய் பற்றி 1937-லேயே எழுதிவிட்டார்கள். அது எங்கிருந்து வருகிறது, அதுவும் ருசியான தண்ணீரில் ஏன் என்பதுதான் என்னை அலைக்கழித்தது.

புதிதாகப் போர் போட்ட ஒரு தோட்டத்தில் சாம்பல் நிறக் கல்தூள் குவிந்திருந்தது. உள்ளங்கையில் அள்ளி வெயிலில் திருப்பினால் கருஞ்செதில்கள் மினுங்கின. காக்காப்பொன். தருமபுரியின் அடியில் கிடக்கும் நைஸ், கிரானைட் பாறைகளில் இந்தக் கருப்பு மைக்காவும் அபடைட் போன்ற கனிமங்களும் ஃபுளோரைடை வைத்திருக்கின்றன. ஆழத்து வெடிப்புகளில் நீர் வருடக்கணக்கில் தேங்கி அதைக் கரைத்துக்கொள்கிறது. ஆலையோ சாக்கடையோ வேண்டியதில்லை.

ருசியின் புதிர் சுண்ணாம்புச் சத்தில் அவிழ்ந்தது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். அளவு ஏற விடாது. கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் ஃபுளோரைடுக்குக் கடிவாளமில்லை. பருப்பு பூவாய் வேகும் தண்ணீரும் பெரும்பாலும் அந்த வகைதான்! ஃபுளோரைடு பரிசோதனைப் பெட்டியின் சிவப்புத் துளிகளை விட்டுப் பார்த்தேன்: கிணற்று நீரில் நிறம் அவ்வளவாக மாறவில்லை, போர் நீர் மஞ்சளானது, ஃபுளோரைடு மிகுதி என்பதற்கு அடையாளமாக. எங்கள் பாட்டிகள் நாக்கை நம்பியதில் குற்றமில்லை. நாக்கு உப்பைக் கண்டுபிடிக்கும், ஃபுளோரைடைக் கண்டுபிடிக்காது.

பருவம் இந்தக் கணக்கைக் குழப்புகிறது. கோடையில் நீர் ஆவியாகும்போது கால்சியம் சுக்கான்கல்லாக மண்ணில் படிந்துவிட, ஃபுளோரைடு மிஞ்சுகிறது. ஐப்பசி மழை சில கிணறுகளில் அதை நீர்க்கச் செய்கிறது. வேறு சிலவற்றில், மேல்மண்ணில் சேர்ந்திருந்த உப்புகளைக் கழுவி உள்ளே இறக்கி அளவைக் கூட்டியும் விடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே ஒன்றுபோல் நடப்பதில்லை.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் நீர்தான் குறையும், ஃபுளோரைடு குறையாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதிலிருந்து அத்தை ஊருக்கும் காவிரி வருகிறது. குழாய் வராத நாட்களில் மறுபடி போர்தான். பல் உருவாகும் வயதில், எட்டு வயதுக்குள், பிள்ளைகள் இருக்கும் வீடுகளாவது அன்று கிணற்று நீரைக் குடிக்கட்டும் என்றேன், கிருமி போகக் காய்ச்சி. அதையும் சித்திரையில் ஒரு முறை, தையில் ஒரு முறை சோதித்துவிட்டு. "பருப்பு வேகாதேடா" என்றார் அத்தை. பருப்புக்கு மட்டும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைப்பதாக முடிவாயிற்று.