கரையில் நிற்கும் தைரியம்

தண்ணீரை நாம் கும்பிடுகிறோம். ஆனால் அதனுடன் பழகுவதில்லை. ஆடிப் பதினெட்டு அன்று காவிரித் தாய்க்குக் காதோலை கருகமணி விடுகிறோம். கோயிலுக்குப் போனால் குளத்தில் காலை நனைத்துத் தலையில் மூன்று துளி தெளித்துக் கொள்கிறோம். கங்கையைச் செம்பில் அடைத்துப் பூஜை அறையில் வைத்திருக்கிறோம். இவ்வளவு பக்தியும் செலுத்திவிட்டுக் குழந்தைக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: "தண்ணிப் பக்கம் போகாதே!"

இந்த மூன்று வார்த்தைப் பாடம் ஏழெட்டு வயது வரையில் பலிக்கிறது. அதற்கு மேல் பலிப்பதில்லை. போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போவதுதானே பிள்ளைப் பருவத்தின் முதல் தர்மம்! சித்திரை வைகாசி மாதங்களில் காலையில் பத்திரிகையைப் பிரிக்கவே மனம் அஞ்சுகிறது. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைகள், ஏரியில் இருவர். கல் குவாரிக் குட்டையில் மூவர். அந்தச் செய்திகளைக் கொஞ்சம் நிதானித்துப் படித்துப் பாருங்கள். பல சமயங்களில் போனவர் ஒருவர் அல்ல. வழுக்கி விழுந்தது ஒரு குழந்தைதான். மற்றவர்கள் அதைக் காப்பாற்றக் கை நீட்டியவர்கள். நான் சொல்ல வந்தது இந்த மற்றவர்களைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் தஞ்சை ஜில்லாவில் காவிரியின் கிளை ஒன்றின் கரையில் இருக்கிறது. கோடையில் அந்த ஆற்றில் மணல்தான் ஓடும்; மேட்டூர் அணையைத் திறந்த பிறகே தண்ணீரைக் காணலாம். ஆகவே பையன்கள் நீந்தக் கற்றதெல்லாம் தோட்டத்துக் கிணற்றில். முற்றிக் காய்ந்த சுரைக் குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் தாம்புக் கயிற்றைப் பிணைத்து, என் பெரிய மாமா ஒவ்வொருவனாகக் கிணற்றில் இறக்குவார். இறக்குவார் என்பது மரியாதைக்குச் சொல்வது, தள்ளுவார். தண்ணீரைக் குடித்துவிட்டு அலறுகிறவனுக்கு மேலேயிருந்து, "காலை உதைடா, படவா!" என்று உபதேசம் வரும். நாலு நாளில் கயிறு கழன்றுவிடும். பத்து நாளில் குடுக்கையும் கழன்றுவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தக் காய்ந்த சுரைக்காயும் கறிக்கு உதவாதுதான். ஆனால் ஊர்ப் பையன்களின் உயிருக்கு அது உத்தரவாதமாக இருந்தது.

பெண் குழந்தைகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நாங்கள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக் கொண்டு எட்டிப் பார்க்கலாம். அண்ணன்மாரின் துணிகளுக்குக் காவல் இருக்கலாம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டாலோ, விடியற்காலையில் இறங்கிக் குளிப்பதும் துவைப்பதும் குடத்தில் மொண்டு வருவதும் நாங்கள்தான். தினம் இருவேளை ஆற்றில் இறங்க வேண்டியவளுக்கு நீச்சல் வேண்டாம். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் ஒன்றுதான் என்று இருப்பவனுக்கு நீச்சல் வேண்டும். இந்த நியாயம் எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

இன்று அந்த மாமாவும் இல்லை, அந்தக் கிணறும் இல்லை. ஆழ்குழாய் இறங்கிய ஊரில் கிணறு வற்றிப் போயிற்று. ஆற்றின் அடித்தளமோ, மணலை அள்ளி அள்ளி, எங்கே முழங்கால் ஆழம், எங்கே ஆளை விழுங்கும் பள்ளம் என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாதபடி ஆகிவிட்டது. மாமாவின் ஸ்தானத்தைப் பட்டணத்தில் கோடைக்கால முகாம்கள் எடுத்துக் கொண்டிருக்கின்றன. பத்து வயதுப் பேத்தியை அப்படி ஓர் முகாமில் சேர்த்திருந்தார்கள். சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டை அடுத்த உப்பங்கழியில், ஒரு வாரம். குழந்தைகளுக்குத் துடுப்புப் போடவும் தண்ணீரில் ஜாக்கிரதையாக இருக்கவும் கற்றுத் தருவார்கள் என்று விளம்பரம். அழைத்துப் போய் அழைத்து வரும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

கயாக் என்ற படகில்தான் பயிற்சி. கிரீன்லாந்து முதலான பனிப் பிரதேசத்து மக்கள் கடல் விலங்கின் தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்து வேட்டைக்குப் போன ஒற்றையாள் படகுக்கு அந்தப் பெயர். இப்போது அது கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு நம் கழிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு முனையிலும் அலகு வைத்த துடுப்பால் இடமும் வலமுமாகத் தண்ணீரைத் தள்ள வேண்டும்.

ஆனால் முதல் நாள் அந்தத் துடுப்பை யார் கையிலும் கொடுக்கவில்லை. இரண்டாம் நாளும் கொடுக்கவில்லை. கீற்றுக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"பணம் கட்டி ரெண்டு நாளாச்சு மாமி, இன்னும் சட்டையை மாட்டிக் கழட்டிண்டு இருக்கா!" என்றாள்.

சட்டை என்று அவள் சொன்னது உயிர் காக்கும் அங்கியை. அதை மாட்டிவிட்டு ஒவ்வொரு குழந்தையின் தோள்பட்டைப் பட்டியையும் ஆசிரியர் இரு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அங்கி காது வரையில் ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் அங்கி மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். வாங்கி வைத்தால் போதாது, வாரை இறுக்க வேண்டும். வதோதராவில் 2024 ஜனவரி 18 அன்று ஹர்ணி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். குழந்தைகளில் பலர் அங்கி அணிந்திருக்கவில்லை. நமக்குப் பக்கத்திலேயே பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். இவற்றை நினைத்துக் கொண்டால் இரண்டு நாள் சட்டை மாட்டிக் கழற்றுவது அதிகமாகத் தோன்றவில்லை.

ஆசிரியர் கோவளம் குப்பத்துக்காரர். முப்பது வயது இருக்கும். அந்த அம்மாளின் முணுமுணுப்பு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. சிரித்துக் கொண்டே வந்து, "அம்மா, மொதல்ல படகு கவுறணும். கவுந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்ச புள்ளதான் அப்புறம் பயமில்லாம துடுப்பு போடும்" என்றார்.

மூன்றாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாகப் படகுகளைக் கவிழ்த்தார்கள். கவிழ்ந்ததும் கரையை நோக்கி நீந்தக் கூடாது; படகைப் பிடித்துக் கொண்டு மிதக்க வேண்டும். மனிதத் தலையைவிடப் படகு தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும். அது மூழ்கவும் மூழ்காது. பிறகு படகை நிமிர்த்தி, குறுக்கே முதலில் வயிற்றைப் போட்டு, அப்புறம் புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை எடுத்து வைக்க வேண்டும். படகில்லாமல் தனியே விழுந்தால் மல்லாந்து கிடக்க வேண்டும். மார்பு நிறையக் காற்று இருந்தால் உடம்பு தானே மிதக்கும். உப்புத் தண்ணீரில் இன்னும் நன்றாக மிதக்கும். "காப்பாத்துங்க" என்று கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால், தூக்கிய கையின் பாரத்துக்கு முகம் தாழ்ந்துவிடும். இதை ஒரு பையன் மூன்று முறை செய்து பார்த்து, மூன்று முறையும் உப்பு நீரைக் குடித்து, நிச்சயப்படுத்திக் கொண்டான்.

நான்காம் நாள் பாடம் தண்ணீரில் அல்ல, கரையில். மூழ்குகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சினிமாவில் மூழ்குகிறவர்கள் அலறுகிறார்கள், கை வீசுகிறார்கள். உண்மையில் அதற்கெல்லாம் மூச்சு ஏது? நியூயார்க்கில் கடற்கரைக் காவலராக இருந்த பிராங்க் பியா என்பவர் மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து சொன்ன விஷயம் இது: வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், சத்தம் இராது. 20 முதல் 60 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பத்தடி தூரத்தில் தாய் உட்கார்ந்திருப்பாள். குழந்தை விளையாடுகிறது என்றே நினைத்துக் கொண்டிருப்பாள்.

கண்டுவிட்டால் என்ன செய்வது? குழந்தைகள் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். முதலில் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. பிறகு தரையில் படுத்துக் கொண்டு கழியை நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றையோ, மூடி போட்ட காலிக் கேனையோ எறி. தலைக்கு நேரே அல்ல, தோளைத் தாண்டி விழும்படி எறி. படகு இருந்தால் படகில் போ. குதிக்காதே. பயிற்சி பெற்றவரைத் தவிர யாரும் குதிக்காதே.

"குதிக்காதேன்னு புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றது சரியா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். "அது கோழைத்தனம் இல்லையா?"

ஆசிரியர் சற்று நேரம் கழியைப் பார்த்துக் கொண்டிருந்தார். "சார், முங்கறவனுக்கு நீங்க அப்பனா புள்ளையான்னு தெரியாது. கையில கெடைச்சதைப் புடிச்சு மேல ஏறுவான். என் சித்தப்பா மகன் எங்க எல்லாரையும் விட நல்லா நீந்துவான். முகத்துவாரத்துல எவனோ வெளியூர்ப் பையன் மாட்டிக்கிட்டான்னு குதிச்சான். பையன் பொழைச்சிட்டான்" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்தத் தகப்பனாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆசிரியர் கழியில் இறங்கி மூழ்குவது போல நடித்தார். பத்துக் குழந்தைகளுக்கும் அது நடிப்பு என்று தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பையன் பாய்ந்து ஓடினான். என் பேத்தி அவன் அங்கியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, கேனைக் கயிற்றோடு எறிந்தாள். முதல் எறி கால் தூரம்கூடப் போகவில்லை. இரண்டாவது காற்றில் ஒதுங்கிற்று. மூன்றாவது அவர் தோளைத் தாண்டி விழுந்தது. "புடிச்சுக்கோங்க! காலை உதைங்க!" என்று கத்திக் கொண்டே கயிற்றை இழுத்தாள். என் மாமாவின் உபதேசம் இரண்டு தலைமுறை தாண்டி, 'படவா' மட்டும் நீங்கி, ஒரு பெண் குழந்தையின் வாயிலிருந்து வந்தது.

இந்த வித்தை நம் பெண்களுக்குப் புதிதும் அல்ல. 2020 ஆகஸ்டு 6 அன்று பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கிய நான்கு இளைஞர்கள் மூழ்கத் தொடங்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து முடிச்சிட்டு எறிந்தார்கள். இருவர் பிழைத்தார்கள், இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழக அரசு அந்த ஆண்டின் கல்பனா சாவ்லா விருதை அந்த மூவருக்கும் கொடுத்தது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் அந்த இருவரும் போயிருப்பார்கள். அவர்கள் தைரியத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதோடு அந்தத் தைரியம் கையில் ஒரு கயிற்றைத் தேடிக் கண்டுபிடித்ததையும் சேர்த்து எழுத வேண்டும்.

உலகத்தில் 2021-ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இதே 2021-இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அதற்கு முன்னின்ற நாடுகளில் ஒன்று பங்களாதேஷ். அங்கே கிராமத்துக் குளத்தில் மூங்கிலால் மேடை கட்டி, அதற்குள் குழந்தைகளை இறக்கி நீந்தக் கற்றுத் தருகிறார்கள். மஞ்சள் படகும் கிடையாது, கீற்றுக் கொட்டகையும் கிடையாது. மூங்கிலும், சொல்லித் தர ஊரில் பழகிய ஒருவரும் போதும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பணம் கட்டி முகாமுக்கு வரும் குழந்தைகள் கல் குவாரிக் குட்டைக்குப் போகிறவர்கள் அல்ல. போகிறவர்களுக்கு முகாம் இல்லை. ஆசிரியரிடம் அவருடைய குப்பத்தைப் பற்றிக் கேட்டேன். "எங்க பசங்களுக்கு நீச்சல் தானா வந்துடும்மா. ஆனா அங்கி போடுடான்னா சிரிக்கிறான். போட்டா கடலுக்குப் பயந்தவன்னு பேராயிடுமாம்" என்றார். பட்டணத்துக் குழந்தைக்கு நீச்சல் தெரியாது. குப்பத்துக் குழந்தைக்கு அங்கி பிடிக்காது. கிராமத்துக் குழந்தைக்கு இரண்டுக்கும் வழியில்லை. மூவருக்கும் சேர்த்துச் சொல்லக் கூடிய ஒரு பாடம் பள்ளிக்கூட மைதானத்திலேயே, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ஒரு கயிற்றையும் ஒரு காலிக் கேனையும் வைத்துக் கொண்டு சொல்லிவிடலாம். எறியப் பழகுவதற்குக் குளம் வேண்டாம்.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையிலோ ஏரி மதகிலோ ஒரு முளை அடித்து, இருபது கெஜம் நல்ல கயிறும், மூடி இறுக்கிய ஒரு காலிக் கேனும் கட்டித் தொங்க விடுங்கள். மறுநாளே எவனாவது மாட்டுக்கு ஆகும் என்று கயிற்றை அவிழ்த்துக் கொண்டு போய்விடுவான் என்பீர்கள். போகட்டும். வேறு ஒன்று வாங்கிக் கட்டுங்கள்.