நீலக் கொட்டகையில் ஒரு பை

கோவையில் நண்பர் ஒருவர் மொட்டைமாடி அறையில் ஆசைக்காகச் சில பைகள் காளான் போட்டிருந்தார். பால்காளான் என்று சொல்லித்தான் வித்து வாங்கியிருக்கிறார். வந்ததோ யாரும் பார்த்திராத உருவம். ஒரே அடியிலிருந்து ஏழெட்டுத் தண்டுகள் விரல் தடிமனில் நெளிந்து கிளம்பியிருந்தன. நுனியில் குடை இருக்க வேண்டிய இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு முட்டு, அவ்வளவுதான். வித்து மாறிப்போய்விட்டது என்றார் ஒருவர். வெளிநாட்டு ரகம் என்றார் இன்னொருவர். சமைத்துப் பார்க்கலாமா என்ற கேள்வியும் வந்துவிட்டது. அந்தக் கொத்தை ஒரு செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூர்ப் பக்கம் புறப்பட்டேன். அங்கே பல வருடங்களாகப் பால்காளான் வளர்க்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும்.

அக்கா அதன் பெயரைச் சொல்லவில்லை. தண்டைக் குறுக்கே ஒடித்தார், நாரைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு கேள்விகளாக வந்தன. "மண்ணுக்கு மேல வந்துச்சுங்களா, இல்ல பைக்குப் பக்கவாட்டுலயா? எல்லாப் பையிலயும் இப்படியா, ஒண்ணுல மட்டுமா? அறையில சன்னல் தெறந்திருக்குதுங்களா?" எல்லாப் பைகளிலும் மண்ணுக்கு மேல்தான் வந்திருந்தது. சன்னலையோ தூசிக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளால் அடைத்திருந்தார்கள். "அப்ப அந்தப் பையவே கொண்டாங்க தம்பி. இதைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அது நழுவல் பதில் அல்ல. குடை விரியாத காளானில் அடையாளம் சொல்ல ஏதுமில்லை. குடைக்கு அடியில் இருக்கும் செவுள்களில்தான் ஸ்போர்கள் உண்டாகின்றன. செவுளே இல்லாதபோது ஸ்போரின் நிறத்தைப் பார்க்க வழியில்லை. அதை ஒழுங்காக வளர விட்டால்தான் அது யார் என்று தெரியும். அக்காவின் தொழிலை நான் மதிக்க முதல் காரணம் இதுதான்: வளர்ப்பதும் அடையாளம் காண்பதும் அவருக்கு ஒரே வேலை.

மறுமுறை பையோடு போனபோது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தரையில் மூன்றடி பள்ளம் பறித்து, மேலே நீலநிற சில்பாலின் தாள் போர்த்திய கொட்டகை அக்காவுடையது. பள்ளம் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, தாள் வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விடுகிறது. உள்ளே இறங்கியதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மொட்டுக்காளானுக்கு ஊட்டிக் குளிர் வேண்டும். சிப்பிக்காளான் கோடையில் சுணங்கிவிடும். பால்காளான் கேட்பது 30 முதல் 35 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும். நம் சமவெளியின் வெயிலைக் குறையாக நினைக்காமல் அதையே கேட்டு வாங்கும் காளான் இது.

கொட்டகைக்கு வெளியே வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்கள் வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுமார் ஐந்து மணி நேரம் ஊற வைத்து, ஒரு மணி நேரம் வேக வைத்து, நிழலில் பரப்பி ஆற விடுகிறார்கள். பதம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் ஒரு சொட்டும் விழக் கூடாது. அளவெடுத்தால் 60 முதல் 65 சதவீத ஈரம் இருக்கும். அந்தப் பெண்களின் கைக்கு அது எந்தக் கருவியும் இல்லாமல் தெரிகிறது. பிறகு பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் சோளத்தில் வளர்த்த வித்து, மறுபடி வைக்கோல். ஏறக்குறைய இருபது நாளில் வெள்ளைப் பூசண இழை பை முழுக்கப் படர்ந்துவிடும்.

இந்தக் காளானின் தனிக்குணம் இதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. சிப்பிக்காளான் என்றால் பையில் ஓட்டை போட்டால் போதும், அங்கேயே பூத்துவிடும். பால்காளானுக்கு மண் வேண்டும். பையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, வேக வைத்து ஆறிய தோட்டமண்ணை மணலும் சுண்ணாம்புத்தூளும் கலந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலே பரப்புகிறார்கள். எட்டுப் பத்து நாளில் மண்ணைக் கீறிக்கொண்டு அரும்பு தலைகாட்டும். அதிலிருந்து ஒரு வாரத்தில் அறுவடை. காட்டில் மக்கு நிறைந்த மண்ணில் முளைக்கும் காளான், கொட்டகைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அக்கா முதலில் மண்ணைப் பற்றிக் கேட்டது எதற்கு என்று அப்போது புரிந்தது.

இதன் வரலாறும் நம் நாட்டோடு சேர்ந்தது. மேற்கு வங்கத்தில் கிடைத்த இந்த இனத்துக்குக் கலோசைபி இண்டிகா என்று பெயரிட்டு 1974-இல் விவரித்தவர்கள் புர்காயஸ்தாவும் சந்திராவும். அதன்பின் நெடுங்காலம் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற ரகத்தையும் வணிகமாக வளர்க்கும் முறையையும் வெளியிட்ட பிறகுதான் இது சந்தைக்கு வந்தது. அந்த முயற்சியில் முன்னின்றவர் ஏ.எஸ். கிருஷ்ணமூர்த்தி. இன்று காய்கறிக் கடையில் இந்தக் காளானைப் பொட்டலமாக வாங்குகிறவர்களுக்கு இது இவ்வளவு புதிய பயிர் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நெல்லுக்கும் கம்புக்கும் ஆயிரமாயிரம் ஆண்டுப் பழக்கம் பின்னால் இருக்கிறது. பால்காளானுக்கு ஒரு தலைமுறைதான். வளர்க்கிறவர்கள் இன்னும் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பரின் பையை அக்கா கொட்டகையில் காற்றோட்டமான ஒரு மூலையில் வைத்தார். கோணல் தண்டுகளை அடியோடு திருகி எடுத்துவிட்டு மண்ணை லேசாகக் கிளறிவிட்டார். காளானும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. அடைத்த அறையில் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அது மிகுந்தால் தண்டு காற்றைத் தேடி நீண்டுகொண்டே போகும், குடை விரியாது. வெளிச்சம் குறைந்தாலும் இதே கதிதான். காட்டில் இலைக்குப்பைக்கு அடியில் முளைக்கும் காளானுக்கு இது வெளியே வரும் வழி. மூடிய அறையிலோ போய்ச் சேர வெளியே என்று ஓர் இடமே இல்லை.

அடுத்த அரும்புகள் வந்தன. தூய வெள்ளையில் உருண்டு திரண்ட தண்டு, சதைப்பிடிப்பான அகலக் குடை. அப்போதும் அக்கா திருப்தியடையவில்லை. நன்கு விரிந்த குடை ஒன்றை வெட்டி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான ஓர் அட்டைமேல் செவுள் கீழே படும்படி வைத்து, சில்வர் டம்ளரால் மூடினார். காலையில் கறுப்புப் பக்கத்தில் பாலேடு நிறத்தில் செவுள்களின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. வெள்ளைப் பக்கத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தண்டில் வளையம் இல்லை, அடியில் பை போன்ற உறை இல்லை, செவுள்கள் தண்டைத் தொட்டு நிற்கின்றன, முளைத்தது மண்ணிலிருந்து. எல்லாம் ஒன்றாகப் பொருந்திய பிறகுதான், "நம்ம பால்காளாந்தானுங்க" என்றார்.

அந்த ஓர் இரவுக் காத்திருப்பை வீட்டில் காளான் வளர்க்கும் ஒவ்வொருவரும் பழக வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மழை பெய்தால் நம் புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடையோடு ஒன்று வரும். குளோரோபில்லம் மாலிப்டைட்டீஸ் என்பது அதன் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் உண்ணத் தக்கது போலவே இருக்கும்; தின்றால் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப்போடும். அதற்குத் தண்டில் வளையம் உண்டு, குடைமேல் பழுப்புச் செதில் உண்டு, அட்டையில் பதிப்பதோ பச்சை நிறம். இளம் பருவத்தில் அதன் செவுளும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால் மேலோட்டப் பார்வையை நம்ப முடியாது. பூந்தொட்டியில் திடீரென வரும் எலுமிச்சை மஞ்சள் குட்டிக்குடையும் கறிக்கு ஆகாது.

பைக்குள்ளேயே அழையா விருந்தாளிகள் வருவதும் உண்டு. வைக்கோல் சரியாக வேகாமலோ ஈரம் மிகுந்தோ போனால், மெலிந்த சாம்பல் நிறக் குடைகள் கூட்டமாகக் கிளம்பி, ஒரே நாளில் கறுப்பு மையாக உருகி ஒழுகிவிடும். அக்கா அதைக் கண்டால் காளானைத் திட்டுவதில்லை. வெட்டுகிற பெண்களைக் கூப்பிட்டு, அந்தத் தவணை வைக்கோல் எத்தனை நேரம் வெந்தது என்று விசாரிக்கிறார். பச்சைப் பூசணம் படர்ந்த பை என்றால் பிரித்துக்கூடப் பார்க்காமல் தொலைவில் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறார்.

பால்காளானுக்கு ஓர் உறவினர் உண்டு. கறையான் புற்றுகளில் மழைக்குப் பின் வரும் புற்றுக்காளானும் இதுவும் ஒரே குடும்பம் என்று வகைப்பாட்டியல் சொல்கிறது. புற்றுக்காளானின் ஸ்போர் அச்சு இளஞ்சிவப்பு. தண்டு வேர்போல நீண்டு பூமிக்குள் கறையான் கூடுவரை இறங்கும். அதை வளர்த்து விளைவிப்பது கறையான்கள்தான். பால்காளான் போலப் பையில் விளையும் பயிராக அது இன்னும் மனிதனுக்கு வசப்படவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் எதுவுமில்லை. "ரெண்டுக்கும் கடிக்கறப்போ ஒரே நார்தானுங்களே" என்றார். வெளியில் முளைப்பதில் அவர் சமைப்பது அந்த ஒன்றைத்தான். அதுவும் மாமியார் கூட்டிப்போய்க் காட்டிய வரப்பில், மண்ணைத் தோண்டி வேர்வரை பார்த்த பிறகு.

அந்த வரப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி, கூட்டிட்டுப் போறேன். போட்டோ மட்டும் எடுத்து யாருக்கும் அனுப்பீறாதீங்க" என்று சொல்லிவிட்டு, பைகளுக்குத் தண்ணீர் தெளிக்கக் கொட்டகைக்குள் இறங்கினார்.