விரலுக்கேற்ற வீக்கம்

"விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்பவரைக் கண்டால் அவர்கள் சொல்லும் சொல் அது. பழைய மடிக்கணினிக்குப் புதிய உறுப்பு வாங்குவதற்கும் அப்பழமொழி அப்படியே பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் அறிந்துகொண்டேன். அன்புத் தோழியரே, உங்களுள் பலர் வீட்டு அலமாரியிலும் இத்தகைய கணினி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே நான் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவ மாணவியருக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் என் அக்காள் 2015-இல் ஒரு மடிக்கணினி பெற்றாள். கல்லூரிப் படிப்பு முழுவதையும் அதிலேயே முடித்து, இன்று வேலைக்கும் சென்றுவிட்டாள். கணினி என் பங்குக்கு வந்தது. பத்தாண்டு உழைத்த கணினிக்குக் களைப்பு இராதா? பொத்தானை அழுத்திவிட்டுப் பாலைக் காய்ச்சி, ஆற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணினி அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு வீட்டில் பயிற்சி செய்ய எனக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். மூடியைக்கூடத் திறவாமல், "இது இனிமே தேறாதும்மா. புதுசு வாங்கிடுங்க" என்றார். அம்மாவிடம் இருந்ததோ சீட்டுப் பணம். என் கல்லூரிச் சேர்க்கைக்கென்று தையல் கூலியிலிருந்து மாதந்தோறும் கட்டி எடுத்த பணம் அது. வழியெல்லாம் அம்மா பேசவில்லை. வீட்டுப் படியேறும்போது, "உனக்குத் தேவைன்னா வாங்கிடலாம்டி" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்தான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. கணினி ஏன் தவழ்கிறது என்று எங்கள் கணினி ஆசிரியையிடம் கேட்டேன்.

அவர் விளக்கியது இது. பழைய கணினிகளில் தகவலைச் சேர்த்து வைப்பது ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு. அதனுள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. எங்கள் கணினியில் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சிறு கை அங்குமிங்கும் நகர்ந்து வேண்டிய இடத்தைத் தேடிப் படிக்கிறது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்ட நாள் முதல் அடிப்படை இதுதான். எஸ்.எஸ்.டி. என்பதிலோ சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் தோஷிபாவில் பணிபுரிந்தபோது உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளே அதில் இருப்பவை. தேடி அலைய வேண்டியதில்லையாதலால் கேட்டவுடன் தருகிறது. கணினியைத் தூக்கி எறியாமல் இந்த ஓர் உறுப்பை மாற்றினாலே பெரும் வேறுபாடு தெரியும் என்றார் ஆசிரியை.

மகிழ்ச்சியோடு வீடு திரும்பினால், மாமா மகன் வேறொரு யோசனை சொன்னான். "இருக்கிறதுலேயே வேகமானதை வாங்கு. என்.வி.எம்.இ.ன்னு குச்சி மாதிரி இருக்கும். அதுதான் இப்போ எல்லாரும் வாங்குறாங்க." எல்லாரும் வாங்குவது நம் கணினிக்கு ஏற்குமா? அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்!

எஸ்.எஸ்.டி. ஒரே வடிவில் வருவதில்லை. முதல் வகை, பழைய வன்தட்டைப் போன்றே இரண்டரை அங்குல அளவில் தட்டைப் பெட்டியாக இருப்பது. சாட்டா என்னும் இணைப்பில் பொருந்தும். இரண்டாவது, 2010-ஐ ஒட்டி வந்த சில கணினிகளுக்குரிய எம்சாட்டா என்னும் சிறு அட்டை. மூன்றாவது, மாமா மகன் சொன்ன குச்சி வடிவம், அதற்கு எம்.2 என்று பெயர். 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். எம்.2-இலும் சாட்டா முறையில் இயங்குவது ஒன்று, என்.வி.எம்.இ. முறையில் இயங்குவது மற்றொன்று. சாட்டா மட்டுமே அறிந்த துளையில் மற்றதைச் செருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. உருவம் ஒன்றாயிருப்பதால் உள்ளமும் ஒன்றாகிவிடுமா?

ஆசிரியையின் முன்னிலையில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அடிமூடியைத் திறந்தோம். எம்.2 துளையும் இல்லை, எம்சாட்டா துளையும் இல்லை. இருந்தது இரண்டரை அங்குல சாட்டா ஒன்றே. ஆகவே வேகமான குச்சியை வாங்கியிருந்தால் அது மேசை இழுப்பறைக்குத்தான் பயன்பட்டிருக்கும். அடுத்து வன்தட்டின் தடிமனை அளவுகோலால் அளந்தேன்: 7 மில்லிமீட்டர். சில கணினிகளில் 9.5 மில்லிமீட்டர் இருப்பதுண்டு. அங்கே 7 மில்லிமீட்டர் எஸ்.எஸ்.டி.யை வைத்தால் ஆடாதிருக்க ஓரச் சட்டம் ஒன்று வேண்டும்.

பின்னர் வேகம். சாட்டாவில் மூன்று தலைமுறைகள் உண்டு: நொடிக்கு 1.5, 3, 6 கிகாபிட். புதிய தலைமுறை எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் பழைய துளையிலும் இயங்கும். ஆனால் துளையின் வேகத்துக்கு மேல் ஓடாது. கடைசியாகக் கொள்ளளவு. அக்காளின் படங்களும் பாடங்களும் சேர்ந்து 90 கிகாபைட்டைத் தாண்டவில்லை. ஆகவே 1000 கிகாபைட்டுக்கு ஆசைப்படாமல் 240 கிகாபைட்டே வாங்கினோம்.

மாற்றுமுன் கோப்புகள் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்தோம். இவ்வேலையில் மறக்கக்கூடாத முதற்படி இது. உடலிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காதிருக்க, தொடுமுன் உலோகப் பொருளொன்றைத் தொட்டுக்கொண்டேன். சில திருகாணிகளைக் கழற்றி மாட்டியதும் வேலை முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11-க்குரிய தகுதி எங்கள் கணினிக்கு இல்லை. ஆகவே கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸை அதில் நிறுவினோம். இப்போது பாலை அடுப்பில் ஏற்றுவதற்குள் கணினி தயாராகிவிடுகிறது.

எஸ்.எஸ்.டி. மாற்றினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். செயலி பழையதுதான், நிகழ்படம் தொகுக்கும் பெரிய வேலைகளுக்கு இன்றும் திணறுகிறது. ஆனால் நிரல் எழுதவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் அது தாராளமாகப் போதும். புதுக் கணினி விலையில் சிறு பங்குதான் செலவாயிற்று. அதையும் அக்காளே தன் சம்பளத்திலிருந்து கொடுத்தாள். சீட்டுப் பணம் தொடப்படாமல் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

தோழியரே! சிறந்தது எது என்று கடையில் கேட்குமுன், நம்மிடம் இருப்பது எது என்று வீட்டில் பாருங்கள். துளை, தடிமன், தலைமுறை, கொள்ளளவு என்னும் நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். தாளோடு செல்லும் பெண்ணை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. பழையதென்று ஒன்றைத் தள்ளுமுன், அதற்கு ஏற்றதைக் கொடுத்துப் பார்த்தோமா என்று கேட்பதே அறிவுடைமையாகும்.