நிலாவரைக்கு அடி உண்டு

“இதுக்கு அடியே இல்லைத் தம்பி. இஞ்சை ஒரு தேசிக்காயைப் போட்டா கீரிமலையிலை போய் மிதக்கும்” என்றார் கிணற்றடியில் நின்ற பெரியவர். யாழ்ப்பாணம் புத்தூர்ப் பக்கம், நவக்கிரியில் இருக்கிறது நிலாவரைக் கிணறு. தாகம் தீர்க்க ராமர் அம்பு எய்த இடம் என்பது ஊர்க்கதை.

நான் தமிழ்நாட்டுத் தண்டலத்துக்காரன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல் எல்லாம் இருக்கும். மழையை மறித்து மனிதன் நிறுத்திவைத்த தண்ணீர். கீழே களியும் கருங்கல்லும். இரண்டும் லேசில் கரையாது. நிலாவரைக்கு யாரும் கரை போடவில்லை. பூமி தானாக உள்வாங்கிய குழி இது.

ஓரத்துப் பாறையைத் தடவிப் பார்த்தேன். வெளுத்த சுண்ணாம்புக்கல், துளை துளையாக, விரல் நுழைகிறது. மயோசீன் காலத்துக் கடலில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. வெடிப்புகளில் புகுந்து கல்லைக் கரைக்கிறது. உள்ளே குகை பெரிதாகி, ஒருநாள் கூரை இடிந்து விழும். பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் தண்ணீர் தானே நிரம்பிவிடும். 1981 மே மாதம் ஃபுளோரிடாவின் வின்டர் பார்க்கில் இப்படி விழுந்த பள்ளம் ஒரு வீட்டையும் கார்களையும் விழுங்கியது. இன்று அது ஏரி.

நிலாவரையின் ஆழம் சுமார் 50 மீட்டர். என்னைக் கேட்டால், அடி இல்லை என்பதைவிட அங்கே இருப்பதுதான் அதிசயம்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். கனமான கடல்நீரின் மேல் மழைநீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டருக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் வைத்து மேலே அரை மீட்டரை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் 20 மீட்டர் ஏறிவிடும்.

தேசிக்காய் (எங்கள் ஊர் எலுமிச்சை) கதையை நான் நம்பவில்லை. ஆனால் துளைக்கல் வழியாகத் தண்ணீர் ஊர்விட்டு ஊர் போகும் என்பது உண்மை. மணல் வடிகட்டுவதைப்போல இந்தக் கல் வடிகட்டாது. தோட்டத்தில் போடும் யூரியாவும் மலக்குழிக் கசிவும் கிணற்றுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு யாழ்ப்பாணம். குடிக்கவும் பாசனத்துக்கும் பெரும்பாலும் இந்தக் கல்லுக்குள் நிற்கும் மழைநீரைத்தான் நம்பியிருக்கிறது.